கொஞ்சம் ஓய்வெடுத்தால் நன்றாக இருக்குமே

சோலுலா, புவேப்லா
9 ஜனவரி 1974

அன்புள்ள கிரிசெல்டாவுக்கு,

மாதா அருளால் இங்கே அனைவரும் நலம். என் வீட்டுக்காரர் சில்வானோவுக்கு முழங்கால் வலி, அதுவும் நான் ஏதாவது தூக்கச் சொல்லும்போது மட்டும். நீயும் என் தம்பி அமாதோவும் மொந்தெர்ரேய்க்குச் சுகமாகப் போய்ச் சேர்ந்தீர்களா?

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்கள் ரயிலேறிய மறுநாள், ஐம்பத்தொரு வயதுப் பொம்பளை, அடுப்படியில் காலை நீட்டி உட்கார்ந்து மூக்கு ஒழுக அழுதேன். கிறிஸ்துமஸ் விருந்தில் அத்தனை பேர் நடுவில் நீ என் மோலேயைப் பார்த்து, "அக்கா, மிளகாய் கருகிக் கசக்குது. இருபது வருஷமா இதையா எல்லாரும் திங்கறாங்க?" என்று கேட்டாயே, அதற்காக அழவில்லை. நீ கேட்டதும் யாருமே "இல்லையே" என்று சொல்லவில்லை. அதற்காக அழுதேன். எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியார் கூரையைப் பார்த்தார். என் தம்பி தட்டைப் பார்த்தான். சில்வானோ, எனக்குத் தாலி கட்டாத குறையாக மோதிரம் போட்ட மனுஷன், பூனையைப் பார்த்தார்.

உங்கள் ஊரில் ஆட்டைத் தீயில் காட்டி உப்புத் தூவினால் விருந்து முடிந்தது. இங்கே மிளகாய், நிலக்கடலை, கொஞ்சம் சாக்லேட் எல்லாம் அரைத்து வான்கோழிக்கு மேல் ஊற்றுகிற அந்தக் கறுத்த மோலேக் குழம்பை வைத்துத்தான் ஒரு வீட்டை மதிப்பார்கள். செப்டம்பர் 14, சனிக்கிழமை, என் மகன் நாசாரியோவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டு மோலே மாப்பிள்ளையின் அம்மா கையால்தான் ஆக வேண்டும். முந்நூறு பேர் வருவார்கள். பெண்ணின் அம்மா எலோதியாவின் மோலேக்கு பிஷப் வீட்டிலிருந்தே ஆள் அனுப்புவார்கள். என் கரண்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் ஓரமாக உட்கார்ந்தால், அதற்குப் பிறகு இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

அதனால் கோபமில்லாமல் கேட்கிறேன். இந்த ஊரில் யாரும் எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள். எனக்குத் தெரிந்து உண்மை பேசுகிற நாக்கு உன்னுடையது ஒன்றுதான். எந்த மிளகாய் கருகியிருந்தது? கசப்பு நாக்கு நுனியிலா, தொண்டையிலா? விவரமாக எழுது.

பாசத்துடன் உன் நாத்தனார்,
ஒதிலியா

*

மொந்தெர்ரேய்
2 பிப்ரவரி 1974

அக்காவுக்கு வணக்கம்.

சுகம். உங்கள் சுகம் அறிய ஆவல். குளிரில் குழாய் உடைந்தது. சரி செய்தாயிற்று.

அழ வைத்ததற்கு வருந்துகிறேன். சொன்னதற்கு வருந்தவில்லை. எங்கள் ஊரில் செருப்பில் முள் இருந்தால் "செருப்பில் முள்" என்போம்.

எந்த மிளகாய் என்று கேட்டால் எனக்கு எப்படித் தெரியும்? கசப்பு கசப்புதான். நுனியாவது, தொண்டையாவது. கல்யாணத்துக்குப் பேசாமல் ஆடு சுட்டுவிடுங்கள். அமாதோ உங்களுக்கு முத்தம் சொல்லச் சொன்னார். உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து தோட்டத்தில் ஏதோ வேலை இருக்கிறது என்று வெளியிலேயே நிற்கிறார். எங்களுக்குத் தோட்டமே கிடையாது.

கிரிசெல்டா

*

சோலுலா
20 பிப்ரவரி 1974

என் கறாரான கிரிசெல்டாவுக்கு,

குழாய் சரியானதில் மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் சுகம், என் மானத்தைத் தவிர.

ஒரு வாரமாகத் தூக்கமில்லை. இருபது வருஷமாக இந்த ஊர் எனக்குச் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்க்கிறேன். எங்கள் ஊர்ப் பேச்சு உனக்குத் தெரியும். "செய்" என்று சொல்ல மாட்டோம். "செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்" என்போம். "செய்யாதே" என்பதற்கு, "கடவுளே, அப்படி ஆகாமல் இருக்கட்டும்" என்போம். கருத்துச் சொல்வதைக்கூட ஆசைப்படுவது போலச் சொல்லி, கூடவே ஒரு கும்பிடும் போடுவோம். நானும் அப்படித்தான் பேசுவேன். கேட்கத்தான் தெரியவில்லை எனக்கு.

பக்கத்து வீட்டு காஸ்துலா ஒவ்வொரு விருந்திலும் சொல்வாள்: "நீங்களே எத்தனை வருஷம் கஷ்டப்படுவீங்க. கொஞ்சம் ஓய்வெடுத்தா நல்லா இருக்குமே." என்ன அக்கறை என்று நெகிழ்ந்துபோய் இன்னொரு கரண்டி ஊற்றுவேன்.

எலோதியா ஒரு தடவை என் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மிளகாயும் பொண்ணுங்களும் ஒண்ணுதாங்க. நிறம் மாறினதும் வெளியே அனுப்பிட்டா வீட்டுக்கு நல்லது." தன் மகளுக்கு வரன் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அதை நம்பித்தான் சம்பந்தமே பேசினேன். மிளகாயில் தொடங்கிய சம்பந்தம், பார்த்துக்கொள்.

மருந்துக்கடை எபிக்மேனியோ என் வீட்டு விருந்துக்கு மட்டும் வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கிற சோடா உப்புப் பொட்டலம் பரிசாகக் கொண்டுவருவார். பங்குச் சாமியார், "உங்க மோலேயைத் தவக்காலத்துல சாப்பிட்டா ஆத்துமாவுக்கு நல்லதா இருக்கும்" என்றார். அதை நான் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், கிரிசெல்டா. உன் புருஷன் மட்டும் என்ன? மன்னிக்க, என் தம்பி. அவனும் வருஷா வருஷம், "அக்கா, அடுத்த தடவை நீ ஓய்வெடுத்தா நல்லா இருக்கும்" என்பான்.

கடைசியாக ஒன்று. இங்கே விருந்து முடிந்ததும் பெண்கள் சால்வைக்கடியிலிருந்து சின்னப் பானையை எடுத்து மோலே கேட்டு வாங்கிப் போவார்கள். வாய் பொய் சொன்னாலும் பானை சொல்லாது. என் வீட்டுக்கு இருபது வருஷமாக யாரும் பானை கொண்டுவந்ததில்லை. சோலுலாவில் எல்லோருக்கும் ஞாபகமறதி என்று நினைத்திருந்தேன்.

தயவுசெய்து ருசியை ஞாபகப்படுத்தி எழுது.

உன் முட்டாள் நாத்தனார்,
ஒதிலியா

*

மொந்தெர்ரேய்
25 மார்ச் 1974

அக்காவுக்கு,

நலம். நலமா?

தாமதத்துக்குக் காரணம் எதுவும் இல்லை.

ருசியைப் பற்றி மூன்றாவது தடவை கேட்காதீர்கள். நான் சொன்னது சரிதான் என்று உங்களுக்கே தெரிந்துவிட்டது, போதாதா? போய் நேராகக் கேளுங்கள். "என் மோலே மோசமா? எதனால்?" இரண்டே கேள்வி. யாரும் செத்துவிட மாட்டார்கள்.

கிரிசெல்டா

*

சோலுலா
18 ஏப்ரல் 1974

கிரிசெல்டாவுக்கு உயிர்ப்புத் திருநாள் வாழ்த்து.

எல்லோரும் நலம். காஸ்துலா மட்டும் படுத்திருந்தாள். நீ சொன்னபடி போய் நேராகக் கேட்டேன்.

"காஸ்துலா, என் மோலே மோசமா?"

கையிலிருந்த முட்டைக்கூடை கீழே விழுந்தது. "யாருங்க அப்படிச் சொன்னது, மாதாவே, நான் சொல்வேனா, என் வாயால சொல்வேனா" என்று உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டவள் இரண்டு நாள் வரவில்லை. அப்புறம் என்னைக் கண்டால் தெருவின் மறுபக்கம். உன் இரண்டு கேள்வியில் முதலாவதுக்கே இருபத்திரண்டு முட்டை போயிற்று.

அப்போதுதான் புத்தி வந்தது. இவர்கள் பூட்டுக்கு இவர்கள் சாவியைத்தான் போட வேண்டும். சோள மாவு அரைக்கிற மில்லில் வரிசையில் நிற்கும்போது, யாரையும் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னேன்:

"வெராக்ரூஸ்ல என் சித்தி மக ஒருத்தி இருக்கா. பாவம், மோலே செய்ய வராது. கேட்டு எழுதியிருக்கா. யாராவது ஏதாவது சொன்னா அவளுக்கு நல்லா இருக்கும்."

காஸ்துலா மெதுவாகத் திரும்பினாள்.

"உங்க சித்தி மகளுக்கு வயசு என்ன இருக்கும்?"

"என் வயசுதான்."

"உடம்பு?"

"என் அளவு."

"ம். மிளகாயை எவ்வளவு நேரம் பொரிக்கிறா?"

"கறுக்கற வரைக்கும். மோலே கறுப்பா வரணுமே."

வரிசை முழுக்க ஒரே பெருமூச்சு. பிறகு அணை உடைந்தது, கிரிசெல்டா. "அந்தப் பாவி பொரிக்கலைங்க, எரிக்கிறா" என்றாள் காஸ்துலா. "இருபது வருஷமா அவ வீட்டுப் புகையில என் துணியெல்லாம் இருமுது. கொழுப்புல போட்டு, நிறம் மாறி வாசனை வந்த உடனே எடுத்துடணும். வெந்நீர்ல ஊறப் போடணும். கறுப்பு தானா வரும்." பின்னாலிருந்து ஒருத்தி, "கசக்குதுன்னு சாக்லேட்டை அள்ளி அள்ளிப் போடறாளே, உங்க சித்தி மக, அதையும் சொல்லுங்க" என்றாள். இன்னொருத்தி, "விதையைத் தனியா வறுக்கச் சொல்லுங்க அந்த மகராசியை." எலோதியாவும் நின்றிருந்தாள். அவள் மட்டும் பணிவாக, "நிலக்கடலையை இன்னும் ரெண்டு கை கூடப் போட்டா, அவங்களுக்கும் சாப்பிடறவங்களுக்கும் நல்லா இருக்கும்" என்றாள்.

மருந்துக்கடைக்காரர் மாவு வாங்கவே வரவில்லை, சும்மா நின்றிருந்தவர். அவரும் சொன்னார்: "வெராக்ரூஸ்ல சோடா உப்பு கிடைக்கும்தானே?"

இல்லாத சித்தி மகளை அரைமணி நேரம் திட்டித் தீர்த்தார்கள். நான் தலையாட்டிக்கொண்டே கேட்டேன். கிளம்பும்போது காஸ்துலா என் கையைப் பிடித்தாள். "உங்களைச் சொல்லலைங்க. உங்க கை வேற."

வெற்றியின் வாசனை வருகிறது. மிளகாய் வாசனைதான்.

ஒதிலியா

*

மொந்தெர்ரேய்
30 மே 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அங்கே மழை தொடங்கிவிட்டதா?

மில் கதையைச் சத்தமாகப் படித்தேன். அமாதோ சிரித்துச் சிரித்து இருமினார். எரிக்கிறாள் என்ற இடம் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அது கிடக்கட்டும்.

உங்கள் ஊர்ப் பேச்சை எனக்கும் கொஞ்சம் கற்றுக்கொடுங்கள். எதிர்வீட்டுக்காரரின் சேவல் நாலு மணிக்குக் கூவுகிறது. நேராகச் சொன்னேன், சண்டை. நேற்று உங்கள் முறைப்படி, "உங்க சேவல் சூப்பா இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்" என்றேன். மறுபடியும் சண்டை. எங்கே தவறு?

கிரிசெல்டா

*

சோலுலா
2 ஜூலை 1974

கிரிசெல்டாவுக்கு,

சுகம். மழை சரியான மழை.

ஆசை சரி, பெண்ணே. சேவலுக்குத்தான் கெட்டது நினைத்துவிட்டாய். எங்கள் ஊர் முறையில் கேட்கிறவனுக்கும் அந்த ஆசையில் ஒரு பங்கு வேண்டும். "இவ்வளவு அருமையான குரலுக்குப் பின்கட்டில் தனி அறை இருந்தா அதுக்கு எவ்வளவு மரியாதையா இருக்கும்" என்று சொல்லிப் பார்.

இனி போர்ச் செய்தி. முதல் ஒத்திகையில் மிளகாயைச் சீக்கிரம் எடுத்தேன், பச்சை வாடை. இரண்டாவதில் தரை துடைக்கிற தண்ணீர் மாதிரி ஓடிற்று. மூன்றாவதை சில்வானோ முன்னால் வைத்தேன். இருபத்தாறு வருஷத்தில் என் சமையலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனுஷன் தட்டைச் சோள ரொட்டியால் துடைத்தார். பிறகு எழுந்து தானே போய்த் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்தார்.

அன்று மாலையே எலோதியா வந்தாள். வாசனை பிடித்து வந்தாள் என்றே நினைக்கிறேன்.

"சம்பந்தி, கல்யாணத்தன்னிக்கு நீங்க ராணி மாதிரி உட்கார்ந்திருந்தா நாசாரியோவுக்கு எவ்வளவு பெருமையா இருக்கும். அடுப்பை நான் பார்த்துக்கறேன்."

பழைய ஒதிலியாவாக இருந்தால் கண்கலங்கி நன்றி சொல்லியிருப்பாள். நான் சொன்னேன்: "ராணிக்குப் பக்கத்துல இன்னொரு ராணி இல்லாம எப்படிங்க நல்லா இருக்கும்? பொண்ணைப் பெத்தவங்க அன்னிக்குப் புகையில நிக்காம இருக்கணும், அதுதான் என் ஆசை. கடவுள் அந்த ஆசையை எனக்கு மறுக்காம இருக்கட்டும்."

அவள் தலையைச் சாய்த்தாள். உங்கள் ஊரில் கத்தி எடுத்திருப்பீர்கள். இங்கே காப்பி குடித்துவிட்டுப் போனாள்.

இனி உன்னிடம் ஒரு வேண்டுகோள். மற்றவர்கள் பாராட்டை நான் நம்பத் தயாராக இல்லை. கல்யாணத்தன்று முதல் தட்டு உனக்கு. நீ "நல்லா இருக்கு" என்றால்தான் எனக்கு நல்லா இருக்கு.

ஒதிலியா

*

மொந்தெர்ரேய்
10 ஆகஸ்ட் 1974

அக்காவுக்கு,

நலம். சேவலுக்குத் தனி அறை கட்டியாயிற்று. அவரே கட்டினார். எனக்கு நன்றியும் சொன்னார்.

கல்யாணத்துக்கு வருகிறோம். முதல் தட்டை வேறு யாருக்காவது கொடுங்கள். என் நாக்கை அவ்வளவு நம்ப வேண்டாம். நிலக்கடலை கட்டாயம் போட வேண்டுமா?

கிரிசெல்டா

*

சோலுலா
22 செப்டம்பர் 1974

என் உயிர் கிரிசெல்டாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், மிக நலம், ஒரு சுற்றுப் பெருத்துவிட்டோம். நீங்கள் ரயிலுக்கு நேரமாயிற்று என்று நடனம் தொடங்குமுன் ஓடிவிட்டீர்கள். அதனால் உச்சக்கட்டத்தைப் பார்க்கவில்லை. கேள்.

நீ பார்த்தவரை உனக்குத் தெரியும். நாலு பெரிய மண்சட்டி. பத்தொன்பது வான்கோழி. நிலக்கடலை எலோதியா சொன்னதைவிடக் கூட இரண்டு கை போட்டேன், அவளுக்கு மரியாதையாக. முதல் தட்டை உன் முன் வைத்துவிட்டு, பயத்தில் கோழிக்கூண்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். திரும்பி வந்து பார்த்தால் உன் தட்டு கழுவிவைத்த மாதிரி இருந்தது. நீ எதுவும் பேசவில்லை, அமாதோதான் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான். பேச்சு எதற்கு? அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் எலோதியா முகத்துக்கு நேராகக் காட்டினேன். "என் தம்பி பெண்டாட்டி. பொய் சொல்லத் தெரியாதவள்."

நீங்கள் போனபின் பங்குச் சாமியார் மூன்றாம் தட்டு கேட்டார். "தவக்காலத்துக்கும் செய்யட்டுமா, சாமி?" என்றேன். "தவக்காலத்துல இதைச் சாப்பிட்டா பாவமா ஆகிடுமேம்மா" என்றார். மருந்துக்கடைக்காரர் பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அதன் பிறகுதான், கிரிசெல்டா, அந்தச் சத்தம். மண்ணும் மண்ணும் உரசுகிற சத்தம். திரும்பினேன். காஸ்துலா சால்வைக்கடியிலிருந்து பானையை எடுக்கிறாள். அவள் பின்னால் ஒன்று, அதன் பின்னால் ஒன்று, கதவு வரைக்கும் பானை வரிசை. முப்பத்தேழு எண்ணினேன், அப்புறம் கண்ணீர் மறைத்துவிட்டது. இருபது வருஷம் ஞாபகமறதியில் இருந்த ஊருக்கு ஒரே நாளில் ஞாபகம் வந்துவிட்டது.

வரிசையின் கடைசியில் எலோதியா. கையில் பானை இல்லை, எட்டு லிட்டர் பால் கேன். "சம்பந்தி, உங்களுக்குச் சிரமம் இல்லாம இருந்தா..." என்று தொடங்கினாள். என்னை நானே மெச்சிக்கொள்ளும் இடம் இதுதான்: விளிம்பு வரை ஊற்றினேன், வாய் திறக்கவில்லை. மூடும்போது அவள் மெதுவாகக் கேட்டாள்: "வெராக்ரூஸ் சித்தி மக எப்படி இருக்கா?"

"தேறிட்டா" என்றேன்.

எல்லாம் உன் ஒரு வாக்கியத்தால் வந்தது. இருபது வருஷத்தில் என் மோலேயைச் சாப்பிட்டுவிட்டு உண்மை சொன்ன ஒரே ஆத்மா நீ. நாசாரியோவுக்கு முதல் பெண் பிறந்தால் கிரிசெல்டா என்றுதான் பெயர். அவளுடைய ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாயும் நீதான். முடியாது என்று சொல்லாதே.

வெற்றி பெற்ற,
ஒதிலியா

*

மொந்தெர்ரேய்
20 அக்டோபர் 1974

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தாங்களும் அத்தானும் புதுமணத் தம்பதிகளும் பூரண நலத்துடன் இருக்கட்டும், முழங்கால்களும் சேர்த்து. நாங்கள் நலம். நீங்கள் கட்டிக்கொடுத்த பானையை அமாதோ மடியிலிருந்து இறக்கவே இல்லை. சல்தீயோ ஸ்டேஷன் வருவதற்குள் காலி. ஒரு மாதம் ஆகியும் அந்தப் பானையை முகர்ந்து பார்க்கிறார்.

ஞானத்தாயாக இருப்பதில் எனக்குப் பெருமை. ஆனால் பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்து பாவத்தைச் சொல்லிவிடுவதுதான் முறை. ஒன்பது மாதமாக இதை நேராக எழுத உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறேன். நேராக வரவில்லை. அதனால் உங்கள் ஊர்ப் பேச்சில் சொல்கிறேன், நீங்கள்தான் கற்றுக்கொடுத்தீர்கள்.

போன கிறிஸ்துமஸில் உங்கள் மோலேயை நான் ஒரு வாயாவது சாப்பிட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

விருந்துக்கு முன்னால் அமாதோ என்னைக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் கூட்டிப்போய், "அக்காகிட்ட யாராவது சொன்னா நல்லா இருக்கும். மிளகாய் கருகுது, கசக்குது. நீ சொன்னா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க, நீ வடக்கத்திக்காரி" என்றார். இருபது வருஷமாகச் சொல்ல நினைத்ததாம். நான் சொன்னேன். அவ்வளவுதான் என் பங்கு. கல்யாணத்தன்று நீங்கள் எலோதியாவிடம் தூக்கிக் காட்டிய தட்டும் அவர் வழித்துச் சாப்பிட்டதே.

இதை அறிந்தபின்னும் நீங்கள் என்னிடம் கோபப்படாமல் இருந்தால் எனக்கும், பிறக்கப்போகிற குட்டி கிரிசெல்டாவுக்கும் நன்றாக இருக்கும்.

என்றும் உங்கள்,
கிரிசெல்டா

பின்குறிப்பு: நிலக்கடலை பட்டால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். மோலே எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது.